ஒரு விரல் போதும்

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு அடுத்த மூத்தவர் ஒரு பிக்கப் வண்டி. அக்கா பிறப்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டதால் அதற்கு அவளைவிட உரிமை அதிகம். வாசலில் நிழல் விழும் இடம் அதற்குத்தான். மழை வந்தால் கொடியில் காயும் துணியை எடுக்க அம்மா ஓடுவாள், வண்டிக்குத் தார்ப்பாய் போட அப்பா ஓடுவார். வாசலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும் என்னை உள்ளே கூப்பிட யாரும் ஓடியதில்லை. முன்னால் உருண்டையாக இரண்டு விளக்கு, நடுவில் பல் விழுந்த கிரில், கதவைச் சாத்தினால் தெருமுனை வரை கேட்கும். பழைய வண்டிகளின்மேல் பைத்தியமாகத் திரிகிற சிலர் சிக்னலில் எட்டிப் பார்த்து, "விலைக்குக் குடுப்பீங்களா சார்?" என்று கேட்பார்கள்.

"உங்க வீட்ல பெரியவங்களை என்ன விலைக்குப்பா குடுத்தீங்க?" என்று அப்பா கேட்பார். அதோடு கண்ணாடியை ஏற்றிவிடுவார்கள்.

அப்பாவின் தொழில் சிமெண்ட் உறை ஏற்றிப் போவது. கிணற்றுக்கும் கழிவுத் தொட்டிக்கும் குழி தோண்டி ஒன்றின்மேல் ஒன்றாக இறக்குவார்களே, அந்தப் பெரிய வளையம். ஊருக்கு வெளியே ஒரு பட்டறையில் வார்க்கிறார்கள். அங்கிருந்து வீடு கட்டுகிற இடங்களுக்கு அப்பா கொண்டுபோய்ச் சேர்ப்பார். ஊரில் பாதிப் பேர் காலையில் நிம்மதியாக உட்கார்ந்து எழுவதற்கு அவர்தான் காரணம். அந்த நேரத்தில் அவரை நன்றியோடு நினைத்தவர்கள் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

உறை ஏற்றிய வண்டியை நின்ற இடத்தில் திருப்புவது, படுத்திருக்கிற எருமையைப் படுத்த வாக்கிலேயே திசை மாற்றுவது போன்ற வேலை. காலமெல்லாம் அதைச் செய்த அப்பாவின் இடது தோள் ஒரு நாள் வேலைநிறுத்தம் அறிவித்தது. கை தோளுக்கு மேல் எழவில்லை. அம்மாதான் சட்டை மாட்டிவிட வேண்டியிருந்தது. எலும்பு டாக்டர் கையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். அப்பா கத்திய கத்தலில் வெளியே காத்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

"வண்டியை விடுங்க. இல்லன்னா ஸ்டியரிங் லேசா இருக்கிற வண்டியா ஓட்டுங்க. ரெண்டும் முடியாதுன்னா இந்தத் தோள் உங்களுக்கு மிஞ்சாது" என்றார் டாக்டர்.

வண்டியை விட்டால் அப்பா என்ன செய்வார் என்பது எங்களுக்குத் தெரியும். ஒரு முறை வண்டி எஞ்சின் வேலைக்குப் போனபோது அவர் சில நாள் வீட்டில் இருந்தார். சுவர்க் கடிகாரத்தை இறக்கிப் பிரித்துப் பழுது பார்த்தார். அதுவரை அது ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அம்மாவின் சமையலுக்கு யோசனை சொன்னார். அம்மா மாமாவுக்கு போன் போட்டு, "டேய் தம்பி, அந்த எஞ்சின்ல இருக்கிறதைப் போட்டு மூடி அனுப்புடா" என்று அழாத குறையாகக் கேட்டாள். வெளியில்தான் இது வேடிக்கை. அந்தச் சில நாளில் அப்பா சாப்பாட்டைப் பாதிக்கு மேல் தொடவில்லை, யார் கூப்பிட்டாலும் இரண்டாவது முறைதான் திரும்பினார். அந்த சீட்டிலிருந்து இறக்கினால் ஆள் இல்லாமல் போய்விடுவார் என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே நாங்கள் ஒத்துக்கொண்டிருந்தோம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். அவர் அகராதியில் ரிப்பேர் என்ற சொல் கிடையாது, ஆபரேஷன்தான். வண்டியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, கையைத் துடைத்தபடி, குரலைத் தாழ்த்தி, "கூட யாராவது வந்திருக்கீங்களா?" என்று கேட்பார். வண்டிக்காரருக்கு அங்கேயே பாதி உயிர் போய்விடும். ஆகவே அவருக்கு நான் வைத்த பெயர் சர்ஜன். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு வரலாறு படிக்கிற எனக்கு அவர் வைத்த பெயர் புரொஃபசர். இரண்டு பெயருக்கும் இரண்டு பேரும் தகுதியில்லை என்பதால் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

அன்று சாப்பிட்டு முடித்ததும் குடும்பக் கூட்டம் நடந்தது.

"பவர் ஸ்டியரிங் மாட்டிருவோம் மச்சான்" என்றார் மாமா. "ஒரு விரல் போதும். இதோ, இந்தச் சுண்டு விரல். திருப்பிக்கிட்டே டீ குடிக்கலாம்."

"நான் டீயை உட்கார்ந்து குடிப்பேன்."

"வண்டியிலயும் உட்கார்ந்துதான மச்சான் இருக்கீங்க? ஏறி நின்னா ஓட்டுறீங்க?"

"வேணாம் மாப்ள. அது இந்த வண்டிக்கு ஒத்து வராது."

"எது வராது? என்னென்ன வண்டிக்கு வெச்சிருக்கேன்!"

"வராதுன்னா வராது. கைக்கு ஒண்ணும் தெரியாது."

"கைக்குத் தெரியாம இருக்கத்தாங்க வைக்கிறதே" என்றாள் அம்மா. "ராத்திரியெல்லாம் மொனகுறீங்களே, அது யாருக்குத் தெரியுது? எனக்குத்தான்."

அக்கா ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடும் கவுன்டரில் வேலை பார்க்கிறாள். அந்தத் தகுதியில் எங்கள் வீட்டு மருத்துவக் கல்லூரிக்கு அவள்தான் முதல்வர். "அப்பா, நல்லாக் கேட்டுக்குங்க. ஒண்ணு பவர் ஸ்டியரிங். இல்ல, சம்பளத்துக்கு ஒரு டிரைவர். மூணாவதா ஒண்ணு கிடையாது."

"டிரைவரா? என் சீட்லயா?"

"ஆமா. சீட்டைப் பின்னால தள்ளிப் போட்டுக்குவான். கண்ணாடியத் திருப்புவான். பாட்டு போடுவான்."

பாட்டு என்றதும் அப்பா எழுந்துவிட்டார். "என்ன எழவையாவது மாட்டித் தொலைங்க" என்று கோபமாக உள்ளே திரும்பியவர், நிலைக்கதவில் இடது தோளை நன்றாக இடித்துக்கொண்டு "அம்மா" என்றார். இது புதிதில்லை. எங்கள் வீட்டுக் கதவுகளை யாரோ தினமும் ஒரு அங்குலம் நகர்த்தி வைக்கிறார்கள் என்பது அப்பாவின் நெடுநாள் சந்தேகம். பக்கத்தில் போய் நின்றாலும், "பேய் மாதிரி வந்து நிக்காத" என்பார். நான் நடந்தால் அலமாரியில் பாத்திரம் ஆடும். இதையெல்லாம் வயதின் முசுடு என்று எழுதிவிட்டு, நாங்கள் தோளைப் பற்றிக் கவலைப்படப் போய்விட்டோம்.

ஆபரேஷன் மாமாவின் தகரக் கொட்டகையில் நடந்தது. லீவில் சும்மா இருந்ததால் நானும் போனேன். விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. டிரைவர் பிடிக்கிற சக்கரத்திலிருந்து ஒரு ராடு கீழே இறங்கி ஒரு இரும்புப் பெட்டிக்குள் போகிறது. அந்தப் பெட்டிதான் கையின் திருப்பலை டயருக்கு எடுத்துப் போகிறது. பழைய பெட்டியில் வெறும் பல்லும் கிரீஸும்தான். அதைக் கழற்றிவிட்டு, எண்ணெயின் அழுத்தத்தில் தானே தள்ளுகிற பெட்டியை வைக்க வேண்டும். எண்ணெயைத் தள்ள எஞ்சினோடு ஒரு பம்ப். பம்பைச் சுற்ற ஒரு பெல்ட். எங்கோ மரத்தில் மோதி நசுங்கிய ஒரு வேனிலிருந்து மாமா இந்த மூன்றையும் கொண்டுவந்திருந்தார். தானம் செய்தவர் என்றுதான் அந்த வேனைக் குறிப்பிட்டார்.

பழைய பெட்டி சுலபமாக வரவில்லை. போல்ட்டுகள் துருவோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. மாமா எண்ணெய் ஊற்றினார், சூடு காட்டினார், கெட்ட வார்த்தை சொன்னார். கடைசியில் சுத்தியலுக்குத்தான் இறங்கி வந்தது. மறுநாள் மாட்டப் போனால், புதுப் பெட்டி பழையதைவிட நீளம் என்பதால் ராடு அதிகமாக இருந்தது. மாமா அளந்து சாக்பீஸில் கோடு போட்டு, கட்டிங் மெஷினைக் கையில் எடுத்தார். அப்பா அந்த நேரம் பார்த்து ஒண்ணுக்குப் போவதாகச் சொல்லி வெளியே போனார். தீப்பொறி பறந்து முடிந்து, துண்டு ராடு தரையில் விழுந்து உருண்டு நின்ற பிறகும் அவர் வரவில்லை. மனிதனால் இவ்வளவு நேரம் போக முடியாது என்று கவலைப்பட்டு நான் போய்ப் பார்த்தேன். ரோட்டோரமாக நின்று, போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பழசை எங்க வெச்சிருக்க?"

"காலையிலயே இரும்புக் கடைக்காரன் எடுத்துட்டுப் போயிட்டான் மச்சான். வேன் சாமானுக்கு மாத்தா அதையும் கேட்டான்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"ஆபரேஷன்ல எடுத்ததை யாராவது பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கேப்பாங்களா மச்சான்?"

மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பா தரையில் கிடந்த ராடுத் துண்டைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டார்.

எண்ணெய் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, குமிழி அடங்கும்வரை ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்ப வேண்டும் என்றார்கள். என் கல்விக்கேற்ற வேலை என்று அது எனக்குக் கிடைத்தது. ஏறி உட்கார்ந்து திருப்பினேன். எருமையைக் காணவில்லை. தண்ணீரில் கிடக்கிற தட்டைச் சுற்றுவதுபோல இருந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்த அக்கா சுண்டு விரலால் திருப்பிப் பார்த்து, அதைப் படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்பினாள். அம்மா வண்டியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் விட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல. மாமா, "எப்படி?" என்று அப்பாவைக் கேட்டார்.

"லேசா இருக்கு" என்றார் அப்பா.

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு மாமா எல்லாருக்கும் டீ சொன்னார்.

மறுநாள் முதல் லோடு. பட்டறையில் உறைகளை ஏற்றிக் கயிறு கட்டினேன். அப்பா வண்டியை எடுத்தார். மெயின் ரோட்டுக்கு வந்ததும் எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. அப்பா எப்போதும் சாய்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரை வம்புக்கு இழுத்தபடி ஓட்டுபவர். அன்று முதுகு சீட்டில் படவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, அப்படியும் இப்படியும் மெல்ல அசைத்துக்கொண்டே இருந்தார். இருட்டில் சுவிட்சைத் தேடுகிற கை மாதிரி. வண்டியும் அதற்கேற்றாற்போல் பாம்பாக நெளிந்தது. பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரனால் திட்டினார்கள்.

"பழகிரும்பா" என்றேன்.

"நீ வாயை மூடிட்டு வா."

கொஞ்ச தூரத்தில் வண்டி அமைதியாக, யாரிடமும் சொல்லாமல், ரோட்டை விட்டு இறங்கியது. அப்பா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எதிரே ஒரு பஞ்சர் கடை, வாசலில் கோபுரமாக அடுக்கிய பழைய டயர்கள். நான் "அப்பா!" என்று கத்திய பிறகுதான் பிரேக்கை மிதித்தார். கோபுரம் சரிந்து டயர்கள் ரோட்டைக் குறுக்கே கடந்து போயின. பஞ்சர் கடைக்காரர் கடையைவிட்டு நிதானமாக வெளியே வந்து, "டயர் மாத்தணும்னா உள்ள வந்து சொல்லலாமே" என்றார்.

அப்பா பழியை நேராக மாமாவின் தலையில் இறக்கினார். பெட்டி சரியில்லை, ஒரு பக்கமாக இழுக்கிறது. மாமா வந்து படுத்துப் பார்த்து, எழுந்து பார்த்து, ஓட்டிப் பார்த்து, "வெண்ணெய் மாதிரி போகுது மச்சான்" என்றார்.

"அதான் பிரச்சினை" என்றார் அப்பா. யாருக்கும் புரியவில்லை.

அதற்கடுத்து பெல்ட் கழன்று விழ ஆரம்பித்தது. காலையில் பார்த்தால் பம்பின் பெல்ட் தொங்கும். மாமா வந்து இறுக்கிவிட்டுப் போவார். மறுபடி தொங்கும். புது பெல்ட் போட்டார், அதுவும் தொங்கியது. மாமாவுக்குத் தூக்கம் போயிற்று. "என் சர்வீஸ்ல இப்படி ஒரு கேஸ் பார்த்ததில்ல புரொஃபசர்" என்றார் என்னிடம். பாவம், கண்ணில் நிஜமாகவே நீர் கட்டியிருந்தது.

மர்மத்தைத் துப்பறிய எனக்கு மூளை தேவைப்படவில்லை. மத்தியானம் அம்மா கண்ணயர்ந்த நேரத்தில் தண்ணீர் குடிக்க எழுந்து ஜன்னலைப் பார்த்தேன். வண்டியின் மூடி திறந்திருந்தது. அப்பா ஸ்பேனரை வைத்துக்கொண்டு, ஆகாத இடது கையை வயிற்றோடு அணைத்தபடி, வலது கையால் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். என் காலடியில் சரளை நெரிந்தது. கேட்டு நிமிர்ந்தவர், என்னைத் தேடி முகத்தை முழுசாகத் திருப்பிய பிறகுதான் பார்த்தார்.

"ஏன்பா?"

"ஏறு" என்றார். "ஓட்டிப் பார்ப்போம்."

பெல்ட் இல்லாத பம்ப் எண்ணெயைத் தள்ளாது. ஆனால் பெட்டி நிறைய எண்ணெய் இருக்கும், அதையும் கையால்தான் தள்ள வேண்டும். எருமை திரும்பி வந்திருந்தது, கூடவே தன் தாயையும் அழைத்துக்கொண்டு. முதல் திருப்பத்திலேயே அப்பாவின் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. தோளிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அது வண்டியின் சத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். கண் நேரே ரோட்டில், ஆனால் முகம் எதையோ காது கொடுத்துக் கேட்பதுபோல ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

ஓரமாக ஒருவர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். பின்னால் முட்டை அட்டைகளை ஆள் உயரத்துக்குக் கட்டியிருந்தார். எங்களுக்கும் அவருக்கும் நடுவே இருந்த ரோடு குறைந்துகொண்டே வந்தது. நான் கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தேன். தனியாக இழுத்து அசையவில்லை, அப்பாவும் சேர்ந்து இழுத்தபோதுதான் திரும்பியது. வண்டியின் பக்கக் கண்ணாடி மேலே இருந்த முட்டை அட்டையை உரசிக்கொண்டு போனது. முட்டைகள் விழுந்தன. மனிதர் விழவில்லை. இறங்கி நின்று, எங்கள் பரம்பரையை எங்களுக்கே தெரியாத தலைமுறை வரைக்கும் போய் விசாரித்துவிட்டு வந்தார். அப்பா இறங்கிப் போய்க் கும்பிட்டார். உடைந்ததற்கு ஈடு செய்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். வண்டியை எடுக்கவில்லை.

"எடை வந்துச்சு" என்றார். "ரோடு வரல."

"என்னப்பா?"

"பெல்ட்டக் கழட்டினா பழையபடி ஆயிரும்னு நெனச்சேன்டா. எடைதான் வந்துச்சு."

"அந்த சைக்கிள் உங்களுக்குத் தெரியலயா?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. தோ, அங்க வர்ற லாரி, நம்பர் சொல்லவா?" சொன்னார். லாரி பக்கத்தில் வந்ததும் பார்த்தேன், சரியாக இருந்தது. "ஓரம்தான் இல்ல."

"இல்லன்னா? இருட்டா இருக்கா?"

"இருட்டும் இல்ல. உன் முதுகுக்குப் பின்னால உனக்கு எப்படித் தெரியுது? இருட்டாவா தெரியுது? அங்க ஒண்ணும் இல்லல்ல? அந்த மாதிரி. ரெண்டு பக்கமும் அது முன்னாடி வந்துருச்சு."

"அப்ப இத்தன நாள் எப்படி ஓட்டினீங்க?"

"கையாலதான்." அப்பா ஸ்டியரிங்கின்மேல் உள்ளங்கையை வைத்துக் காட்டினார். "ரோடு நடுவுல மேடு, ரெண்டு பக்கமும் சரிவு. ஓரத்துக்குப் போகப் போக ஸ்டியரிங் இழுக்கும். தார் முடியிற விளிம்புல ஒரு சின்ன உதறல் வரும். சரளைன்னா ஒரு மாதிரி, மண்ணுன்னா ஒரு மாதிரி, ஈர மண்ணுன்னா இன்னொரு மாதிரி. எங்க இருக்கேன்னு கை சொல்லிரும். இப்ப உங்க மாமன் வெச்ச பெட்டி, நடுவுல உட்கார்ந்துக்கிட்டு ஒண்ணத்தையும் மேல விட மாட்டேங்குது. பஞ்சு மூட்டையப் புடிச்சுக்கிட்டு ஓட்டுற மாதிரி இருக்கு."

"டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வண்டிய விடச் சொல்லுவான்."

அது நியாயமான பதிலாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அந்த அட்டைகள் கண்ணை விட்டுப் போகவில்லை.

"தார் இழுக்கும், மண்ணு இழுக்கும். சரி. சைக்கிள்ல போறவர் இழுக்க மாட்டாரேப்பா."

ரோட்டில் உடைந்து கிடந்த முட்டைகள்மேல் ஒரு பஸ் ஏறிப் போயிற்று.

"நான் வீட்ல சொல்லுவேன்" என்றேன்.

"தெரியும். நீ எதைத்தான் சொல்லாம இருந்திருக்க?" என்றார். பிறகு, "அதான் உன்கிட்ட சொன்னேன்" என்றார்.

அன்று வண்டியை நான்தான் வீட்டுக்கு ஓட்டி வந்தேன். ஒரு பஸ் ஸ்டாப்பில் நிறுத்தி, அப்பா சொல்லச் சொல்ல பெல்ட்டைத் திரும்ப மாட்டினேன். அவரே கழற்றியதை அவர் மேற்பார்வையில் நான் இறுக்கினேன். "இன்னும் கொஞ்சம். ம். போதும்" என்றார்.

வீட்டில் சொன்னதும் யாரும் அழவில்லை. அக்காவுக்கு மட்டும் முகம் சுருங்கிப் போயிற்று. மருத்துவக் கல்லூரியை அன்றோடு மூடிவிட்டாள். மறுநாள் எல்லாருமாகக் கண் டாக்டரிடம் போனோம். அப்பாவின் முகத்தை ஒரு மெஷினுக்குள் வைத்து, வெளிச்சப் புள்ளி தெரிகிறபோதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். நீண்ட நேரம் அவர் பட்டனை அமுக்கவே இல்லை. மெஷின் கெட்டுவிட்டதோ என்று எங்களிடம் கேட்டார்.

கண் டாக்டர் ஒரு அம்மா. பொறுமையாகச் சொன்னார்கள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பின்னால் இருக்கிற நரம்பு ஓரத்திலிருந்து செத்துக்கொண்டே வந்திருக்கிறது. வலிக்காது. நடுப் பார்வை கடைசி வரை தெளிவாக இருக்கும் என்பதால் ஆளுக்கே தெரியாது.

மாமாவுக்கு இது பழக்கப்பட்ட பேச்சாகத் தோன்றியிருக்க வேண்டும். "அழுத்தம்தான டாக்டர்? ஒரு வால்வு மாதிரி வெச்சு வெளிய விட்ற முடியாதா?" என்று கேட்டார். நாங்கள் எல்லாரும் தலையைக் குனிந்தோம்.

"வைக்கலாம்" என்றார்கள் அந்த அம்மா. மாமா நிமிர்ந்தார். "இருக்கிறது போகாம இருக்கிறதுக்கு. போனது வராது."

"அப்ப வண்டி?" என்றார் அப்பா.

அந்த அம்மா முதலில் அக்காவைப் பார்த்தார்கள், பிறகு அவரை. "எந்த வண்டியும் கூடாது. சைக்கிள்கூட" என்றார்கள்.

அப்பா எழுந்து, கதவு எங்கே இருக்கிறது என்று தலையைத் திருப்பிப் பார்த்து, ஜாக்கிரதையாக நடுவில் நடந்து வெளியே போனார்.

மாமா அந்த வாரமெல்லாம் ஒர்க்‌ஷாப்பைத் திறக்கவில்லை. இரும்புக் கடைக்காரனைத் தேடிப் போனார். பெட்டி உருக்குகிற இடத்துக்குப் போய்விட்டது என்று தெரிந்ததும் வேறு கடை, வேறு ஊர் என்று அலைந்து, அதே மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்துச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தார். "ராடு அறுத்ததை வெல்டிங் வெச்சுச் சேர்த்துரலாம் மச்சான். பழையபடியே ஆக்கித் தர்றேன்" என்றார். குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் அது ஒர்க்‌ஷாப்பில் தாழ்த்துகிற குரல் இல்லை.

அப்பா சாக்கைப் பிரித்து, பெட்டியை மடியில் வைத்து, அதன் முனையைத் திருப்பிப் பார்த்தார். "நல்ல சாமான்" என்றார். "கொண்டு போய் யாருக்காவது போடு மாப்ள. இது கிடைச்சு என்ன, சாவி உங்க அக்கா இடுப்புலல்ல இருக்கு."

வண்டியை விற்க வேண்டாம் என்று அம்மா சொன்னாள். காரணம் சொல்லவில்லை. பட்டறைக்காரர், "பையன் ஓட்டினா லோடு தர்றேன்" என்றார். ஆகவே லீவு முடிகிற வரைக்கும் என்று நான் ஏறினேன். சீட்டை ஒரு துளிகூட நகர்த்தவில்லை. முழங்கால் இடித்தது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது நாள் அப்பாவும் வந்தார். "வழி சொல்ல ஆள் வேணாமா? நீ வரலாறுதான படிக்கிற, பூகோளமா படிக்கிற?" என்று கேட்டுக்கொண்டே மறுபக்கம் போய், கதவின் கைப்பிடியைத் தடவிக் கண்டுபிடித்து ஏறினார். அம்மா தடுக்கவில்லை.

பட்டறையிலிருந்து கிளம்பியதும் அவர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது. வண்டி ஆடுகிற ஆட்டத்தை வைத்தே இடத்தைச் சொன்னார். "இப்ப பாலம் ஏறுது பாரு." பாலம் ஏறியது. "வலது பக்கம் மரம் அறுக்கிற மில் இருக்கும்." இருந்தது. "கியரைக் குறை. ஏன் வண்டியக் கொல்லுற?" குறைத்தேன். ஒரு வாரத்தில் முதல் தடவையாக என்னைத் திட்டுகிறார் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பழகிவிடும் போலிருக்கிறது, இப்படியே ஓட்டிவிடலாம் போலிருக்கிறது என்றெல்லாம் அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் நினைத்துவிட்டேன்.

"இந்த வளைவு தாண்டினதும் பெரிய பள்ளம் ஒண்ணு இருக்கு" என்றார். "எவனா இருந்தாலும் அதுல விழாமப் போக முடியாது. உறை ஒண்ணோட ஒண்ணு மோதும், மெதுவா விடு." வலது கையை டேஷ்போர்டில் ஊன்றி, காலைத் தரையில் அழுத்தி, தோளை அணைத்துக்கொண்டு தயாரானார்.

வளைவு தாண்டியது. பள்ளத்தைக் காணோம். ரோட்டில் அந்த இடம் மட்டும் மற்றதைவிடக் கறுப்பாக, புதிதாக, ஒரு ஒட்டுப் போட்டதுபோல இருந்தது. வண்டி அதன்மேல் வழுக்கிக்கொண்டு போயிற்று. அப்பா ஊன்றிய கையை எடுக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

நான் ஸ்டியரிங்கை வெட்டி, பிரேக்கை ஒரு தட்டு தட்டினேன். வண்டி குலுங்கியது. பின்னால் உறைகள் இடித்துக்கொண்டன.

அப்பா என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"மூடிட்டாங்களா?" என்றார்.

நான் கியரை மாற்றினேன்.

"எப்ப மூடினாங்க?"

"தெரியலப்பா."

கையை டேஷ்போர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ஆட்டாம ஓட்டு" என்றார். "உறை வெடிச்சிரும்."

அதற்குப் பிறகு அவர் வழி சொல்லவில்லை. ரோடு இரண்டாகப் பிரிகிற இடம் வந்தது. வண்டியை மெதுவாக்கிவிட்டுக் காத்திருந்தேன். பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள்.

"எந்தப் பக்கம்பா?"

"போர்டு வெச்சிருப்பாங்க" என்றார் அப்பா, நேரே பார்த்தபடி. "படிச்சுட்டுப் போ."